அப்பா ஏறுவதற்காக டபுள் கெப்பைப் பதித்தோம்

பாரிசவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வைத்தியசாலைக்குள் காத்திருக்கிற நேரத்தைவிட வாகனத்தில் ஏற்றி இறக்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிரை எடுக்கும். அப்பாவுக்கு இடப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. எங்கள் ஊர் பழுகாமம். கிளினிக், பிசியோதெரபி என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அடிக்கடி போக வேண்டும், பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிக்குடி பிடித்து, நீண்ட பயணம். வீட்டில் இருப்பது வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்வர வாங்கிய பழைய மிட்சுபிஷி எல்200, நாலு சில்லும் இழுக்கிற, பின்னால் திறந்த பெட்டி உள்ள டபுள் கெப். முன் சீட் நிலத்திலிருந்து 34 அங்குலம். முன் இடக்கதவால் ஏறுகிறவர் வலக்காலைத் தூக்கி உள்ளே வைப்பார், அந்த நேரத்தில் உடம்பின் முழுப் பாரமும் இடக்காலில் நிற்கும். அப்பாவுக்கு விழுந்ததோ அந்தக் கால். அம்மா பின்னால் நின்று “மனே, விழப்போறார், பிடி” என்று கத்துவார், அப்பா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் இதுதான்.

கார் ஒன்றை வாங்கலாமே என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் எங்கள் கைக்கு எட்டவில்லை. வெள்ளாமைக்கும் இந்த கெப்தான் வேண்டும். அப்படி இருக்கும்போதுதான் ஒரு கராஜில், “இதுக்கு ஏன் கார், இதையே பதிச்சுத் தாறம், ஒரு நாள் வேலை, 3 இஞ்சி இறங்கும்” என்றார்கள். பதிப்பது என்றால் வாகனத்தின் உயரத்தைக் குறைப்பது. 38,000 ரூபாய். கொழும்புப் பக்கம் பெடியன்கள் இப்படிப் பதித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று போனில் படமும் காட்டினார்கள். அந்தப் படங்களில் இருந்தவை பெரும்பாலும் பின் இரண்டு சில்லு மட்டும் இழுக்கிற கெப்கள், அடியமைப்பே வேறு. அது பிறகுதான் எனக்கு விளங்கியது. இதை எழுதுவதே, இனி ஒருவர் இதே காரணத்துக்காக அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு கெப்பை ஜாக்கியில் ஏற்றும் முன் முழுதாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். இந்த மொடலில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டோஷன் பார் என்ற நீளக் கம்பி செசியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, ஒட்டிப் போகிறது. ஒரு முனை சில்லைப் பிடிக்கும் ‘ஆம்’ என்ற இரும்புக் கையில், மறுமுனை செசியில் ஒரு திருகாணியில். சில்லு மேலே போனால் கம்பி முறுகும், அந்த முறுக்குத்தான் ஸ்பிரிங். திருகாணியைத் தளர்த்தினால் முன்பக்கம் இறங்கிவிடும், ஸ்பனர் ஒன்று போதும், சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை. பின்பக்கம் பிளேட் ஸ்பிரிங், இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. அதில் அடியிலிருந்த இரண்டு பிளேட்டை ஒவ்வொரு பக்கமும் கழற்றிவிட்டு, மிச்சத்தை, ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற பழைய யூ போல்ட்டாலேயே இறுக்கிவிட்டார்கள். பின்னேரம் வண்டி கைக்கு வந்தது. வீட்டுக்குப் போய் அளந்தேன். இறங்கியிருந்தது 2.5 அங்குலம். சீட் 34இலிருந்து 31.5. அப்பாவை ஏற்றிப் பார்த்தோம், கொஞ்சம் இலகு, அவ்வளவுதான். அம்மா இன்னும் பின்னால் நிற்கத்தான் வேண்டியிருந்தது. அன்று இரவு எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்ல முடியாது, ஆனாலும் அப்பா “பரவாயில்ல தம்பி, இப்ப சுகமா இருக்கு” என்று சொன்னதால் அப்படியே விட்டோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். உயரத்தை அளப்பதாக இருந்தால் நிலத்திலிருந்து மட்கார்ட் வரை அளக்காதீர்கள், டயரில் காற்றுக் குறைந்தால் அந்த அளவு மாறிவிடும். சில்லின் நடுவிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை, நாலு பக்கமும், சமமான தரையில், வேலை தொடங்கும் முன் அளந்து எழுதி வையுங்கள். டோஷன் பார் திருகாணி வெளியே எத்தனை மில்லிமீற்றர் நீண்டிருக்கிறது என்பதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பழையபடி ஆக்க நேரும்போது இந்த இரண்டு அளவும்தான் கை கொடுக்கும். என்னிடம் சீட் உயரம் மட்டும்தான் இருந்தது, பழைய நிலைக்குக் கொண்டுவர வேறொருவரின் எல்200ஐத் தேடிப் போய் அளந்து வர வேண்டியிருந்தது.

முதலில் தெரிந்தது குலுக்கல். வெள்ளாவெளிப் பக்கம் வீதி எப்படி என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்பு பள்ளத்தில் விழுந்தால் கெப் அமுங்கி எழும்பும், இப்போது ‘டக்’ என்று இரும்பில் இரும்பு அடிப்பது போல வந்தது. கீழே குனிந்து பார்த்தேன். முன் ஆமுக்கும் அது மேலே முட்டாமல் தடுக்கிற ரப்பருக்கும் நடுவில் என் சின்ன விரல் மட்டும்தான் போனது. வலப்பக்க ரப்பரின் நுனி நசுங்கி ஓரம் வெடித்திருந்தது. திருகாணியைத் தளர்த்தியதால் கம்பி மிருதுவாகிவிடவில்லை, சில்லு மேலே போவதற்கு இருந்த இடம்தான் குறைந்துபோயிருந்தது. அந்த அடி ஒவ்வொன்றும் அப்பாவின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. யாருக்காக இதைச் செய்தோமோ அவருக்குத்தான் அதிகம் நொந்தது, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. பின்பக்க சொக் அப்சோபர்களும் பழைய நீளத்திலேயே இருந்ததால் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்தன. ஒன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. பதிப்பதென்றால் அந்த அளவுக்குக் கட்டையான சொக் போட வேண்டும், அதற்கான செலவை யாரும் முதலில் சொல்வதில்லை.

அடுத்தது டயர். முன் டயர் இரண்டும் வெளியே பார்க்கப் புதுசு போலவே இருந்தன. ஒருநாள் வண்டி கழுவும்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து உள்பக்கத்தைத் தடவினேன், பூ முழுக்கத் தேய்ந்து கம்பி தெரிகிற நிலை. முன்பக்கம் இறங்கினால் சில்லின் தலை உள்ளே சாயும், டோவும், அதாவது சில்லு நேரே பார்க்கிற கோணமும், மாறும், உள்விளிம்பு தின்னும். கல்முனையில் சில்லுகளின் கோணம் பார்க்கிற எலைன்மென்ட் மெஷினில் ஏற்றியபோது அங்கே இருந்த தம்பி, “அண்ணன், இந்த உயரத்தில இதுக்கு மேல சரிப்படுத்த ஏலாது, உயரத்தை முதல்ல பாருங்க” என்று நேராகச் சொல்லிவிட்டார். டயர் சோடி 96,000. எலைன்மென்ட் அன்று 5,000, உயரத்தைத் திருப்பிய பிறகு இன்னொரு 5,000. கெப்பின் உயரத்தில் கை வைத்தால், கூட்டினாலும் குறைத்தாலும், சில நாள் ஓடவிட்டு ஸ்பிரிங் அமர்ந்த பிறகுதான் எலைன்மென்ட் செய்ய வேண்டும். உயரம் முடிவாகாமல் செய்கிற எலைன்மென்ட் காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

இவை எல்லாம் காசு போன கதை. பிரேக்கில் நடந்தது வேறு. மாரி தொடங்கிய நேரம், அப்பாவைக் கிளினிக்கிலிருந்து கூட்டிவருகிறோம், பின்பெட்டி வெறுமை. களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட ஒரு முச்சக்கரவண்டி திடீரென்று குறுக்கே திரும்பியது. பிரேக்கை மிதித்தேன், அப்படிப் பெரிதாகவும் மிதிக்கவில்லை. பின்சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டன, வால் வலப்பக்கம் வந்துவிட்டது, கெப் பக்கவாட்டில் வழுக்கியது. அப்பா வலக்கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார், பயத்தில் பேச்சு வராமல் போன மனுசனின் சத்தம். எதிரே பஸ் வராதது கடவுள் செயல். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை விடமுடியாமல் அப்படியே இருந்தேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை.

பதித்த கராஜில் கேட்டதற்கு டயர் தேய்ந்திருக்கும், ரோட்டு ஈரம் என்றார்கள். பின் டயர் நல்ல டயர். பிரேக் லைனிங் மாற்றச் சொன்னார் இன்னொருவர். கடைசியில் சம்மாந்துறையில் பழைய மெக்கானிக் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்), கேட்டவுடனேயே ஸ்பனரை எடுக்காமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனார். “தம்பி, இஞ்ச வாங்க, இதப் பாருங்க” என்று கூப்பிட்டார். பின் அச்சிலிருந்து ஒரு கம்பியும் ஸ்பிரிங்கும் மேலே போய் செசியில் உள்ள சின்ன வால்வு ஒன்றில் பூட்டியிருந்தது, மேலெல்லாம் சேறு காய்ந்து ஒட்டியிருந்ததால் அது ஒரு தனிச்சாமான் என்றே தெரியாது. பெட்டியில் பாரம் ஏற்றினால் செசி அச்சை நோக்கி இறங்கும், அந்த இறக்கம் கம்பியை அசைக்கும், வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். வெறுமையாக இருந்தால் குறைவாக விடும். வெறும் கெப்பின் பின்பக்கத்தில் பாரமே இல்லாததால் அங்கே அதிக பிரேக் போனால் சில்லு பூட்டிவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நம்முடையதைப் பதித்தபோது செசி நிரந்தரமாக இறங்கிவிட்டது, கம்பியை யாரும் திருத்தவில்லை. வால்வுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியில் எப்போதும் பாரம் இருக்கிறது என்பதுதான். வெறுமையாக ஓடும்போதெல்லாம் பாரத்துக்கான பிரேக் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அப்பாவை அதில்தான் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இந்த ஒரு பந்திக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டபுள் கெப் பலவற்றில், சில்லு பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாதவற்றில் முக்கியமாக, இந்த வால்வு இருக்கும். பின்பக்க உயரத்தை மாற்றுகிற யாராக இருந்தாலும் பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷலுக்கு மேலே டோர்ச் அடித்து அந்தக் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பதித்த உயரத்துக்கு ஏற்றபடி அதைத் திருத்தத் தெரிந்தவர்தானா வேலை செய்யப்போகிறார் என்று கேளுங்கள். உயர்த்துகிறவர்களுக்கும் இது உண்டு, தலைகீழாக: பாரம் ஏற்றினாலும் பின் பிரேக் போதாமல் போகும். அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் குழாய் பூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள்.

காக்காவின் கராஜ் வேலையில் நிறைந்திருந்ததால் தவணை தள்ளிப்போனது, அதற்குள் நெல் வெட்டும் வந்துவிட்டது. வட்டையிலிருந்து நெல் ஏற்ற வேண்டும். பிளேட் குறைந்திருக்கிறதே என்று வழமையில் பாதி மூடைதான் ஏற்றினோம். வாய்க்கால் கட்டைத் தாண்டும்போது பின்னால் வெடித்தது போல ஒரு சத்தம். இடப்பக்க மெயின் பிளேட் நடுப்போல்ட்டுக்குக் கிட்ட உடைந்திருந்தது, அச்சு பின்னுக்கு நகர்ந்து டயர் மட்கார்டில் உரசிக்கொண்டு நின்றது. மூடைகளை இறக்கி, ட்ரக்டர் பிடித்து, எல்லாம் இருட்டிய பிறகு. பாரம் மட்டும்தான் காரணம் என்று நினைத்தேன், காக்கா யூ போல்ட்டைக் கழற்றிக் கையில் தந்தார். பிளேட் இரண்டு குறைந்ததால் கட்டு மெலிந்துவிட்டது, பழைய யூ போல்ட்டின் நீளம் அதற்கு அதிகம். நட் புரி முடிகிற இடம் வரை போய் அங்கேயே இறுகிவிட்டது. ஸ்பனருக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் பிளேட்டுகளை அது பிடிக்கவே இல்லை. உள்ளே அவை ஒன்றின்மேல் ஒன்று அசைந்து அசைந்து துளை இருக்கிற பலவீனமான இடத்தில் வெடித்துவிட்டன. அந்தப் புரியின் கடைசிச் சுற்றில் நட் கடித்த பளபளப்பான அடையாளம் அப்படியே இருந்தது. பிளேட் ஸ்பிரிங்கில் எந்த வேலை செய்தாலும் யூ போல்ட் புதிதாக, கட்டின் தடிப்புக்குச் சரியான நீளத்தில் போடுங்கள், நட் இன்னும் உள்ளே போகப் புரி மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள்.

மாரியில் என்ன நடந்தது என்பதை நீட்டவில்லை. மண்டூருக்குப் போகக் குருமண்வெளியில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றும்போது முன் அடித்தகடு பலகையில் உரசியது, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை வீதிகளில் தண்ணீர் நின்றபோது முன்பு தயங்காமல் கடந்த இடங்களில் நின்று யோசிக்க வேண்டி வந்தது. நாலு சில்லும் இழுக்கிற கெப்பை இந்தப் பக்கத்தில் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

முழுவதையும் பழையபடி ஆக்கினோம். பாவித்த ஸ்பிரிங் கட்டு இரண்டு பக்கத்துக்கும் 85,000, புது யூ போல்ட் 9,000, பின் சொக் சோடி 42,000, கூலி 30,000. கெப் நின்ற நாட்களில் அப்பாவைக் கொண்டுபோக வேன் கூலி 40,000. பதித்த காசு, டயர், எலைன்மென்ட் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 350,000 ரூபாய். ஒரு போகத்தில் மிஞ்சுகிற காசு அது. பதித்த இடத்தில் திருப்பிக் கேட்டேன், சாமான் எதுவும் விற்கவில்லை, நீங்கள் சொன்ன வேலையைத்தான் செய்தோம் என்றார்கள். என்ன செய்கிறோம் என்று எழுதிய பில் கூட என்னிடம் இல்லை. வேலை தொடங்கும் முன் எந்த முறையில், எத்தனை அங்குலம், எந்தச் சாமான் கழற்றப்படும் என்று எழுதி வாங்குங்கள். காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை எழுத்தில் கேளுங்கள், அன்று களுவாஞ்சிக்குடியில் மோதியிருந்தால் இந்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரித்திருப்பார்களோ என்று நினைத்து நான் பல இரவு தூங்கவில்லை.

இனி, அப்பா எப்படி ஏறுகிறார் என்பது. பிசியோதெரபியில் இருந்த மிஸ் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்டது, “வாகனத்தை ஏன் இறக்கினீங்க, நிலத்தை உயர்த்தியிருக்கலாமே” என்று. அவர் சொன்ன அளவில் ஊரில் வெல்டிங் கடையில் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டுப் படி ஒன்று செய்தோம். முதல் தட்டு 6 அங்குலம், இரண்டாவது 12. மேல்தட்டு 24 அங்குல அகலம், 16 அங்குல ஆழம், இரண்டு காலும் சேர்ந்து நிற்க, திரும்ப இடம் வேண்டும். ஒரு பக்கம் இடுப்பு உயரத்தில் கைப்பிடி. கெப்பின் முன் கதவுச் சட்டத்தில் உள்பக்கம் இன்னொரு கைப்பிடி பூட்டினோம். எல்லாம் 14,000 ரூபாய். மேல்தட்டில் நின்றால் 34 அங்குல சீட் அவருக்கு 22 அங்குலம், கதிரையைவிடக் கொஞ்சம்தான் உயரம். பதித்தபோது கிடைத்தது இரண்டரை, இதில் கிடைப்பது பன்னிரண்டு.

ஏறும் முறை இதுதான். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். மேல்தட்டில் நின்று, மெதுவாகத் திரும்பி, முதுகை சீட்டுக்குக் கொடுத்து, வலக்கையால் கதவுச் சட்டத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதலில் உட்கார வேண்டும். இடப்பக்கம் விழுந்தவருக்கு இடப்பக்க முன் கதவு நல்லது, திரும்பி நிற்கும்போது நல்ல கை கைப்பிடிப் பக்கம் வரும். உட்கார்ந்த பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்கலாம், அப்பாவின் இடக்காலை நான் தூக்கி வைக்கிறேன். சீட்டில் வழுக்குகிற துணி ஒன்றைப் போட்டால் திரும்புவது இலகு, ஓடும் முன் அதை எடுத்துவிடுங்கள். படியின் நாலு காலுக்கும் ரப்பர் போடாமல் வைத்தியசாலை வாசல் சீமெந்தில் வைக்காதீர்கள், வழுக்கும். மழை நாளில் மேல்தட்டில் சேறு பிடித்தால் பழைய டயர் ரப்பரை வெட்டி மேலே பூட்டிவிடுங்கள், எங்களுடையதில் அதுதான் இருக்கிறது. பயணம் முழுக்க அது பின்பெட்டியில் கிடக்கும், கயிற்றால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னுக்கு ஓடிவந்து அடிக்கும்.